ரெகுலர் கஸ்டமருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயமா?



கடையில் வாங்கிய புடவையை மாற்றப் போனதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைக்காதீர்கள். எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார்கள். உட்கார வைத்துக் காபியும் கொடுத்தார்கள். அந்தக் காபிதான் இன்னும் என் தொண்டைக்குள் இறங்காமல் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தது 1991-ல். அன்று முதல் மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக் கடையில்தான் எங்கள் வீட்டுக்குத் துணி எடுக்கிறோம். கடையின் பெயர் வேண்டாம். தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் காதுகுத்து, மகள் கல்யாணம், மகன் கல்யாணம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படிகளில் ஏறி இறங்கியாயிற்று. ஒரு மாடியாக இருந்த கடை நாலு மாடியாகி, லிஃப்டும் வந்துவிட்டது. உள்ளே நுழைந்தாலே, "வாங்கம்மா, ரொம்ப நாளா ஆளைக் காணோமே" என்று கேட்பார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன ஆவணியில் மருமகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி அம்மாவுக்கு மரியாதைக்கு வைக்க ஒரு சில்க் காட்டன் புடவை எடுத்தேன். விலை 2,850 ரூபாய். வீட்டுக்கு வந்து பிரித்ததும் மருமகள், "அத்தை, அம்மாகிட்ட இதே கலர்ல ஒண்ணு இருக்கே" என்றாள். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தேன். இன்றைக்கு நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது.

அந்தக் கடை பில்லின் பின்பக்கத்தில் நாலு வரி அச்சடித்திருக்கும். ஏழு நாளுக்குள் வர வேண்டும். காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரைதான் மாற்றுவார்கள். ஞாயிறு, பண்டிகை நாட்களில் கிடையாது. துவைத்த துணி, உடுத்திய துணி எடுக்க மாட்டார்கள். நான் போனது ஒன்பதாம் நாள், சாயங்காலம் ஆறரை மணிக்கு. புடவையில் ஒரு குறையும் இல்லை. என் மனசுதான் மாறியது. நியாயப்படி பார்த்தால் எனக்கு வாயே திறக்க முகாந்திரம் கிடையாது.

ஆனால் சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம அம்மாவுக்கு என்ன ரூல்ஸு? வேற கலர் எடுத்துப் போடு பாப்பா" என்று சேல்ஸ் கேர்ளிடம் சொல்லிவிட்டு, காபிக்கும் ஆள் அனுப்பினார்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணைக் கவனித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு சுடிதார் செட், நாலாக மடித்த பில். பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகளுக்கு எடுத்தாளாம். 640 ரூபாய். முதல் தண்ணீரிலேயே துப்பட்டாவின் சிவப்புச் சாயம் ஓடி, வெள்ளை டாப் முழுக்கத் திட்டுத் திட்டாய் ஏறியிருந்தது. வாங்கி மூன்றே நாள்தான் ஆகிறது.

"தண்ணி பட்ட துணி எடுக்க மாட்டோம்மா. பில்லுலயே போட்டிருக்கு பாரு" என்றார் சூப்பர்வைசர்.

"தண்ணியில போட்டாத்தானேய்யா சாயம் போறது தெரியும்?"

"உப்புத் தண்ணியில ஊறப் போட்டியா? போடாம துவைச்சுட்டு இங்க வந்தா நான் என்ன பண்றது? அதோட, நாலு மணிக்கு மேல எக்ஸ்சேஞ்சே கிடையாது."

"அஞ்சு மணிக்குத்தான்யா எனக்கு வேலை விடுது. பதினோரு மணிக்கு வந்தா ஒரு நாள் கூலி போயிடும்."

அதற்குள் எனக்குப் புதுப் புடவையை விரித்துக் காட்டினாள் அந்தச் சேல்ஸ் கேர்ள். காபியும் வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தாள்.

"இந்தம்மாவுக்கு மட்டும் மாத்திக் குடுக்குறீங்களே?"

"அவங்க நம்ம ரெகுலர் கஸ்டமர்மா."

"நானும் வருஷா வருஷம் தீபாவளிக்கு இங்கதான்யா எடுக்கறேன்."

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். "ஏங்க, எனக்கு மாத்திக் குடுத்தீங்கல்ல, அவங்களுக்கும் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷர் கேட்டிருப்பார். முப்பது வருஷப் பழக்கம். சொல்லவில்லையே! கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவள் அந்தச் சுடிதாரை மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். லிஃப்டில்கூட ஏறவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கடை அவனுது. யாருக்கு மாத்திக் குடுக்கணும்கிறது அவன் இஷ்டம். உனக்கென்ன வந்துச்சு?" என்றார். அவர் சொன்னது ஆறுதலாக இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாத புடவையைக் கெடு தாண்டிப் போய் மாற்றிக்கொண்டவள் நான். உண்மையிலேயே வீணான துணியைக் கெடுவுக்குள் கொண்டு வந்தவள் அவள். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் என்ன? என் முகம் தெரிந்த முகம்.

அந்த உப்புத் தண்ணீர் விஷயத்தையும் விடக் கூடாது என்று என் தம்பியிடம் கேட்டேன். ஈரோட்டுப் பக்கம் சாயப் பட்டறையில் பல வருஷம் இருந்தவன். "அக்கா, உப்பு வேலை செய்யறது சாயத் தொட்டியில. அங்கே உப்பு சாயத்தைத் துணிக்குள்ள இழுக்கும், சோடா உப்பு அதைப் பிடிச்சு வைக்கும். அப்புறம் பிடிக்காத மிச்சச் சாயத்தை நாலஞ்சு தண்ணியில அலசி எடுக்கணும். அந்த அலசலைக் குறைச்சா, மிச்சம் நம்ம வீட்டு வாளியிலதான் இறங்கும். வீட்டுல உப்புல ஊறப் போட்டு அதைச் சரி பண்ண முடியாது" என்றான். ஆக, பட்டறையில் விட்ட குறைக்கு வாங்கியவள் மேல் பழி!

மறு வாரம் மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். சூப்பர்வைசர் இல்லை. எனக்குப் புடவை மாற்றிக் கொடுத்த அதே பெண் இருந்தாள். அந்தச் சுடிதார்க்காரம்மா மறுபடி வந்தாளா என்று கேட்டேன். வரவில்லையாம். பேச்சுவாக்கில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்க தப்பா நினைக்காதீங்கம்மா. பில்லுல கீழே ஒரு சின்ன நம்பர் இருக்கும் பாருங்க, அது எங்க நம்பர். யாரு எடுத்துக் காட்டி வித்தாங்கன்னு தெரியறதுக்கு. ரிட்டர்ன் வந்தா அந்த மாசம் எங்க இன்சென்டிவ்ல கழிச்சிருவாங்க. நீங்க அன்னிக்கு எடுத்துக்கிட்டது முந்தினதைவிடக் குறைஞ்ச விலை. அந்த வித்தியாசம் என் கணக்குலதான்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எத்தனை தடவை மாற்றியிருப்பேன்! "பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், எடுத்துப் போடு" என்று சொல்லிச் சொல்லித்தானே மகளுக்கும் பழக்கினேன்? கடைக்காரர் எனக்குக் கொடுத்த சலுகைக்கு விலை கொடுத்தது, காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண்ணா?

கடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? அடுத்த தடவை சூப்பர்வைசரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, உங்களைச் சொல்லலை. பெரிய வீட்டு ரெகுலர் கஸ்டமர்ங்க சில பேர் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எடுத்துட்டுப் போய், கட்டிட்டு, மூணாம் நாள் கொண்டு வர்றாங்க. மடிப்பைப் பிரிச்சா சென்ட் வாசம் அடிக்கும். முந்தானையில சாம்பார் இருக்கும். வாயைத் திறந்து சொல்ல முடியுமா? வருஷத்துக்கு லட்ச ரூபா எடுக்கற பார்ட்டி. வாங்கிக்கத்தான் வேணும். அந்த நஷ்டத்தை எங்கேயாச்சும் இறுக்கிப் பிடிச்சுத்தானே சரி பண்ணணும்?"

எங்கே இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்பதைத்தான் நான் என் கண்ணால் பார்த்தேனே!

அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சொந்தத்திலேயே ஒருத்தி இருக்கிறாள். மகளின் ரிசப்ஷனுக்குப் போக லெஹங்கா எடுத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் உள்பக்கமாக மடித்து ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு, மறு நாள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டாள். அதை ஒரு சாமர்த்தியமாகப் பந்தியில் உட்கார்ந்து சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் இருக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே எல்.எல்.பீன் என்று பழைய கம்பெனி ஒன்று இருக்கிறதாம். 1912-ல் அதன் முதலாளி தபாலில் பூட்ஸ் விற்க ஆரம்பித்தாராம். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்துவிட்டதாகவும், அவர் கடன் வாங்கி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்வார்களாம். அந்த நாணயத்தில் வளர்ந்த கம்பெனி, 'எத்தனை வருஷம் கழித்துக் கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சிலர் பத்து இருபது வருஷம் தேய்த்த செருப்பையும், பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கியதையும் கொண்டு போய்க் கொடுத்துப் புதிது கேட்க ஆரம்பித்தார்கள். 2018 பிப்ரவரியில் கம்பெனி அந்த வாக்கை வாபஸ் வாங்கிவிட்டது. இனி ஒரு வருஷத்துக்குள், அதுவும் ரசீதோடு வந்தால்தான் என்று சொல்லிவிட்டது. அதே 2018-ல் ஆன்லைன் கம்பெனியான அமேசானும் அங்கே ஓயாமல் திருப்பி அனுப்பிய சிலருடைய கணக்கையே மூடிவிட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது.

நூறு வருஷத்து நல்ல பெயரையே சிலருடைய பேராசை மூடிவிட்டது பாருங்கள். நம் ஊர்க் கடையிலும் இதே கதைதான். ஆனால் இங்கே கதவு எல்லோருக்கும் மூடவில்லை. மூடக் காரணமானவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஏழைக்கு மட்டும் மூடிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் போய்ப் படித்துப் பார்த்தேன். தோழிகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறைபாடு உள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் தெளிவாக இருக்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள் தர வேண்டும். ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். பில்லே தராமல் இருப்பதும் அதே தப்புதான். 'விற்ற சாமான் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் போதும், தப்பித்துவிடலாம் என்று நினைக்கிற கடைக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. இந்த உரிமை குறைபாடு உள்ள பொருளுக்குத்தான். நிறம் பிடிக்கவில்லை, நாத்தனார் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டாள் என்பதெல்லாம் குறைபாடு ஆகாது. அதற்கு மாற்றிக் கொடுப்பது கடையின் தயவு. அன்று அந்தக் கவுன்டரில் எனக்குக் கிடைத்தது தயவு. அந்தப் பெண் கேட்டது உரிமை. தயவைக் காபியோடு கொடுத்துவிட்டு, உரிமையைக் கடிகாரத்தைக் காட்டித் துரத்தினார்கள். என் மனசைக் குடைவது இதுதான்.

அவளைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆனால் 640 ரூபாய்ச் சுடிதாருக்காகத் தினக்கூலிக்குப் போகிற பெண் எத்தனை நாள் அலைவாள்? சட்டம் இருந்தும் கவுன்டரிலேயே முடிய வேண்டிய விஷயம் இது.

எனக்குத் தெரிந்த சில சின்ன யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கடைகளில் தருகிற வழுவழுப்பான பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணி எடுக்கும்போது, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அங்கேயே வைத்துவிடலாம். புதுத் துணியைத் தனியாக அலசுங்கள். பிளவுஸ் துணியை வெட்டுவதற்கும், ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்கும் முன்னால் வெளிச்சத்தில் முழுப் புடவையையும் பிரித்துப் பாருங்கள். கத்தரி பட்டபிறகு, "நாங்க குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். இதெல்லாம் நம் பக்கத்துக் கடமை.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் மூன்றுதான். மாற்றும் நேரத்தை ராத்திரி எட்டு மணி வரை வையுங்கள். பகலில் சம்பாதிக்கப் போகிறவர்கள்தான் சாயங்காலம் உங்களிடம் செலவு செய்ய வருகிறார்கள். விற்கும்போது ராத்திரி ஒன்பது மணி வரை விற்கத் தெரிகிறதே! இரண்டாவது, விதியை எழுதினால் எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். தளர்த்தினாலும் எல்லோருக்கும் தளர்த்துங்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பில்லையும் துணியையும் பாருங்கள். மூன்றாவது, திரும்பி வந்த துணிக்கு, எடுத்துக் காட்டிய பெண்ணின் பணத்தில் கை வைக்காதீர்கள். சாயத்தை அவளா போட்டாள்?

இனி நமக்கு, அதாவது என்னைப் போன்ற ரெகுலர் கஸ்டமர்களுக்கு. கட்டி அவிழ்த்ததைத் திருப்பிக் கொடுப்பது சாமர்த்தியம் இல்லை, திருட்டு. வாய் கூசாமல் அப்படியே சொல்கிறேன். அப்படி யாராவது பெருமை பேசினால் இனி நான் சிரிக்கப் போவதில்லை. 'மாத்திக்கலாம்' என்ற தைரியத்தில் நாலு எடுத்து வந்து மூன்றைத் திருப்பும் பழக்கத்தையும் விட்டுவிடப் போகிறேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கெடுவுக்குள், சொன்ன நேரத்துக்குள் போவேன். நேரம் இருக்கிற நமக்கு அது ஒன்றும் கஷ்டம் இல்லை.

இன்னொன்றையும் செய்யப் போகிறேன். பக்கத்தில் இன்னொருத்தி கையில் பில்லோடு நின்றால், "முதல்ல அவங்களைப் பாருங்க" என்று சொல்வேன். முப்பது வருஷம் ஒரே கடையில் பணம் கொடுத்ததற்கு எனக்கு ஏதாவது செல்வாக்கு இருக்கிறது என்றால், அதை எனக்குக் காபி வாங்கிக்கொள்ளவா பயன்படுத்துவது?

சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதலாளிகிட்ட சொல்லிப் பார்க்கறேம்மா" என்றார். பார்க்கலாம். அந்தச் சேல்ஸ் கேர்ளிடம் என் போன் நம்பரைக் கொடுத்து, அந்தம்மா எப்போதாவது வந்தால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். என் பெயரில் மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம் என்றுதான். இதுவரை போன் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு அவள் அந்தக் கடைப் படி ஏறினாளா என்பதும் தெரியவில்லை. ஏறாமல் இருந்திருந்தால், அந்தக் கடை ஒரு ரெகுலர் கஸ்டமரை இழந்துவிட்டது. அவள் பெயர்தான் யாருடைய கணக்கிலும் இல்லை.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் ஊர்க் கடையில் எப்படி என்று நீங்களும் எழுதுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.